கோழியை விடுங்கள், பொய்யையும் விடுங்கள்

"சைவத்துக்கு மாறிட்டேன் டாக்டர். கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தானே வளர்க்கிறாங்க?" நான் கால்நடை மருத்துவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில்கூட இதுதான் பேச்சு. கோழியை விட்டதில் எனக்கு மகிழ்ச்சி. சொல்கிற காரணம்தான் சுத்தப் பொய்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியாகப் போடுவதென்றால் ஒருமுறை போட்டுப் பயனில்லை, ஒரே நாளில் பலமுறை போட வேண்டும். பல்லடம் பக்கம் கம்பெனிக்காரர் கொடுத்த ஐயாயிரம் குஞ்சுகளை வளர்ப்புக்கூலிக்கு வளர்க்கிறவர், அத்தனையையும் தினம் துரத்திப் பிடித்து ஊசி போடுவாரா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? பண்ணையில் நீங்கள் பார்த்தது வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்து. அதையும் கறிக்கோழிக்குப் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகவோ குடிநீரிலோதான் கொடுக்கிறார்கள்.

"அப்புறம் எப்படி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ?" இனத்தேர்வுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கோழி வகையையும் 2005-ஆம் ஆண்டு வகையையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆவது நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். ஆய்வு 2014-இல் வெளியானது. ஹார்மோன் ஒரு சொட்டு இல்லை.

பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் பிராய்லர்தான் காரணமாம். ஐரோப்பாவில் அந்த வயது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே குறைந்துவந்தது. அப்போது பிராய்லரே கிடையாது. காரணம் தேடுவதென்றால் பிள்ளையின் உடல் எடையைக் கவனியுங்கள்.

பயப்பட வேண்டியதற்கு யாரும் பயப்படுவதில்லை. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கோழிகளுக்கு வளர்ச்சிக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019-இல்தான் இந்தியா அதைத் தடைசெய்தது. இதைப் பற்றி ஒரு வாட்ஸ்ஆப் செய்தியாவது உங்களுக்கு வந்ததா?

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. சைவத்தில் புரதம் இல்லையா? பருப்பு, கொண்டைக்கடலை, சோயா எல்லாம் எதற்கு இருக்கின்றன? பருப்பைத் தேடிப் பிடிக்கும்படி சாம்பார் வைத்துவிட்டு உடம்பில் தெம்பில்லை என்று புலம்பாதீர்கள். சுருள்பாசியில் பி12 கிடைக்கும் என்பதும் தவறு, அதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வடிவம். பாலையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு முட்டைக்குத் தனிச்சத்து எதுவும் கிடையாது, ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது.

முட்டை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கறியை விட்டவர்கள் பலர் புரதத்துக்காக முட்டையைக் கூட்டிக்கொள்கிறார்கள், பாவம் குறைந்தது என்றும் நினைக்கிறார்கள். கறிக்கோழி ஏறக்குறைய ஆறு வாரம் வாழ்கிறது. முட்டைக்கோழி ஓராண்டுக்கு மேல் கம்பிக்கூண்டில் நிற்கிறது. அதற்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை. இறக்கை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. முட்டையினத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022-இல் இதைத் தடைசெய்தது. இங்கே மத்திய சட்ட ஆணையம் 2017-இலேயே கோழி வளர்ப்பு முறைகளைப் பற்றித் தனி அறிக்கை கொடுத்தும், கூண்டுகள் அப்படியேதான் இருக்கின்றன.

கருணைக்காக ஒன்றை விடுவதென்றால், கூண்டு முட்டையை முதலில் விடுங்கள்.