இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்கள்

நுழையும்முன்

ஓர் ஊரின் பெயர் வெறும் அடையாளம் அன்று. அங்கு முன்பு வாழ்ந்தோர் விட்டுச்சென்ற சான்று. பேசும் மொழி மாறினாலும் ஊர்ப்பெயர் நிலைத்து நிற்பதுண்டு. இதனை இங்கிலாந்தின் விந்தையான ஊர்ப்பெயர்கள் சிலவற்றின் வழியே அறிவோம்.

இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் 'கிரேட் ஸ்னோரிங்' என்றோர் ஊர் உள்ளது. இன்றைய ஆங்கிலத்தில் இப்பெயர் 'பெருங்குறட்டை' எனப் பொருள்தரும். எசெக்ஸ் பகுதியிலுள்ள 'அக்லி' என்னும் ஊரின் பெயரோ, 'அழகற்றது' என்னும் பொருளுடைய சொல்லைப் போல ஒலிக்கிறது. தம் ஊருக்கு இத்தகைய பெயரை யாரேனும் விரும்பிச் சூட்டுவரோ?

சூட்டவில்லை என்பதே விடை. இப்பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் தோன்றியவை. 'ஸ்னேர்' என்பவரின் வழியினர் வாழ்ந்த இடமே ஸ்னோரிங் ஆயிற்று. 'உக்கா' என்பவர் காடு திருத்திய நிலமே அக்லி ஆயிற்று. ஒலி திரிந்தமையால் பொருளும் மாறித் தோன்றுகிறது.

ஆகவே, அறிஞர்கள் ஒரு பெயரின் மிகப் பழைய எழுத்து வடிவத்தையே முதலில் தேடுகின்றனர். முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' நிலப்பதிவேடு அதற்குப் பெரிதும் உதவுகிறது. இன்றைய நாட்டிங்காம் நகரம் அதில் 'ஸ்னாட்டிங்கெகாம்' எனக் காணப்படுகிறது. 'ஸ்னாட்' என்பவரின் வழியினர் குடியிருப்பு என்பது அதன் பொருள். பிரெஞ்சு மொழி பேசிய நார்மானியரின் நாவில் அதன் முதல் ஒலி உதிர்ந்தது என்பர்.

வேறு மக்களின் சுவடுகளும் பெயர்களில் உள்ளன. மான்செஸ்டர், லங்காஸ்டர் ஆகியவற்றின் இறுதிப்பகுதி, படைமுகாமைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது; அது உரோமானியர் ஆட்சியை நினைவூட்டுகிறது. கிரிம்ஸ்பி என்பதன் ஈற்றிலுள்ள 'பி', டேனியர் மொழியில் ஊரைக் குறிக்கும்.

லங்காஷயர் பகுதியிலுள்ள 'பெண்டில் ஹில்' இன்னும் வியப்பானது. கெல்டிய மொழியில் 'பென்' என்றால் குன்று. பின்னர் வந்தோர் அதனைத் தனிப்பெயராகக் கருதி, குன்றைக் குறிக்கும் தம் சொல்லான 'ஹில்' என்பதைச் சேர்த்தனர். இரண்டும் இணைந்து 'பெண்டில்' ஆயின. அதன் பொருளும் மறந்தபோது, மீண்டும் 'ஹில்' சேர்ந்தது. இன்று அப்பெயரின் பொருள் 'குன்று குன்று குன்று' என்பதாம்! அங்கே கெல்டிய மொழி வழக்கொழிந்துவிட்டது. எனினும், அதன் ஒரு சொல்லை அக்குன்று இன்றும் காத்து நிற்கிறது.

நகைப்புக்குரியது என எண்ணி ஒரு பெயரை மாற்றிவிட்டால், அதனுள் உறையும் வரலாறும் மறைந்துபோகும். பெயரைப் பேணுதல் முன்னோரின் நினைவைப் பேணுதலாகும்.

சொல்லும் பொருளும்

சுவடு – அடையாளம்
ஈறு – இறுதி
வழக்கொழிதல் – பயன்பாட்டிலிருந்து மறைதல்

மதிப்பீடு

1. 'அக்லி' என்னும் ஊர்ப்பெயரின் உண்மைப் பொருள் யாது?
2. நாட்டிங்காம் என்னும் பெயர் எவ்வாறு திரிந்தது?
3. 'பெண்டில் ஹில்' என்னும் பெயர் உருவான முறையை விளக்குக.

கற்பவை கற்றபின்

நீங்கள் வாழும் ஊரின் பெயர்க்காரணத்தைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.