கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு வரைபடம் தெரிதல்: மருமகனுக்கு ஒரு மடல்

கிரான்

அன்பு மருமகனுக்கு,



வெளிக்கள வேலைக்குப் புதிதாகச் செல்வோர் கையடக்க ஜிபிஎஸ் கருவியை வாங்குவதில் காட்டும் கவனத்தில் பாதியையேனும் அதற்குள் ஏற்றும் வரைபடத்தைத் தெரிவதில் காட்டுவதில்லை. கருவி செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பெற்று அகலக்கோடு, நெட்டாங்கு, உயரம் போன்ற எண்களை மட்டுமே கணித்துத் தருகிறது. அந்தப் புள்ளி வயல்வெளியான வட்டையா வாவியா, அதற்குச் செல்லும் பாதை உழவு இயந்திரம் போகக்கூடியதா என்பதையெல்லாம் சொல்வது வரைபடமே. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கிய பின்னர், திறந்த வெளியில் கருவியின் பிழை சில மீட்டர்களுக்குள் அடங்கிவிட்டது. ஆகவே இன்று வழி தவறுமானால் குற்றம் பெரும்பாலும் கருவியில் அன்று, வரைபடத்திலேயே தேடப்பட வேண்டும்.

வரைபடங்கள் அடிப்படையில் இருவகைப்படும் என்பதை முதலில் அறிக. காகித வரைபடத்தையோ வான்படத்தையோ படமாகவே எடுத்துக் கருவியில் இடுவது ராஸ்டர் வகை. அதில் வீதி என்பது வெறும் நிறப்புள்ளிகளின் வரிசையாதலால் கருவி அதைப் பார்க்கத் தருமேயன்றி அதன்வழி செல்லும் பாதையைக் கணிக்காது. வீதி, குளம், வாய்க்கால், கட்டடம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொருளாகப் பெயருடனும் தன்மையுடனும் பதிந்துவைப்பது வெக்டர் வகை. அது சிறிய கோப்பில் பரந்த நிலத்தை அடக்குவதோடு, தேடவும் வழி கணிக்கவும் இடம் தருகிறது. கார்மின் நிறுவனத்தின் கையடக்கக் கருவிகளில் வெக்டர் வரைபடம் ஐஎம்ஜி என்னும் கோப்பாகவும், பயனர் தாமே செய்து ஏற்றும் ராஸ்டர் படம் கேஎம்இசட் என்னும் கோப்பாகவும் அமையும்.

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் வேலை செய்பவர் முன் மூன்று தெரிவுகள் உள்ளன. முதலாவது, கருவி செய்த நிறுவனமே தரும் வரைபடம். அது ஏற்றுவதற்கு எளிது, திரையில் அழகாகவும் தோன்றும். ஆனால் பிழை கண்டாலும் பயனர் அதைத் தம் கையால் திருத்த முடியாது. கார்மினின் புதிய கருவிகள் பலவற்றில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வரும் டோப்போஆக்டிவ் வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுத் தரவிலிருந்தே ஆக்கப்படுவதாகும் என்பதையும் நினைவிற் கொண்டால், நிறுவன வரைபடத்துக்கெனத் தனியே பணம் கொடுக்கும் தேவை குறைந்துவிடும்.

இரண்டாவது தெரிவு அந்தப் பொதுத் தரவே. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், எவரும் தம் ஊரை வரைந்து சேர்க்கவும் எவரும் இலவசமாக எடுத்தாளவும் கூடிய உலக வரைபடமாகும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அறியத்தக்கது. 2012இல் உலக வங்கியின் உதவியோடு அனர்த்த முகாமைத்துவ நிலையம் முன்னெடுத்த வேலையில், மண்முனை வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவின் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்களும் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வீதிகளும் இத்தரவில் வரையப்பட்டன. வெள்ளத்தின்போது எந்த வீடு, எந்தப் பாடசாலை பாதிப்புறும் என்பதை அறிவதே அதன் நோக்கம். எனினும் அது மட்டக்களப்பு நகரை உள்ளடக்கிய பிரிவு. கிரானோ கோறளைப்பற்று தெற்குப் பிரிவைச் சேர்ந்தது. நகரில் காணும் செறிவு இப்பிரிவின் குடும்பிமலைப் பக்கத்து மாட்டுப்பட்டிப் பாதைகளிலும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. இத்தரவைக் கருவிக்கு ஏற்ற ஐஎம்ஜி கோப்பாக மாற்ற எம்கேஜிமேப் என்னும் இலவச மென்பொருளும், கணினியில் பார்க்கவும் தடங்களை ஒழுங்குபடுத்தவும் கார்மினின் பேஸ்கேம்ப், திறந்த மூலமான கியூமேப்ஷாக் ஆகியனவும் உண்டு. கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் தமிழெழுத்தைக் காட்டாதாகையால், எம்கேஜிமேப்பில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் அமையுமாறு தெரிவு செய்துகொள்க.

மூன்றாவது, 1800ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் தாள்கள். 1:50,000 அளவுத்திட்டத் தாளில் ஒரு சென்ரிமீட்டர் நிலத்தில் 500 மீட்டரைக் குறிக்கும். குளங்கள், ஆறுகள், பழைய பாதைகள், இடப்பெயர்கள் ஆகியவற்றை அறிவதற்கு அவை இன்றும் துணை செய்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து ராஸ்டராக ஏற்றுவோர் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர்க் கோடு நிலத்தில் 25 மீட்டர் அகலத்தை மூடுவதால், திரையில் எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும் துல்லியம் கூடாது என்பது ஒன்று. மற்றையது அதனினும் முக்கியமானது: பூமியின் வடிவத்தையும் அளவையின் தொடக்கத்தையும் வரையறுக்கும் அளவை ஆதாரம் பழைய தாளுக்கும் கருவிக்கும் வேறு வேறானது. பழைய தாள்கள் நீர்கொழும்புப் பகுதியின் கந்தவல என்னும் இடத்தை ஆதாரமாகக் கொண்டவை. ஜிபிஎஸ் கருவியோ இயல்பாக டபிள்யூஜிஎஸ் 84 என்னும் உலக ஆதாரத்தில் இயங்குகிறது. இந்த வேறுபாட்டைக் கவனியாது ஒன்றன் எண்ணை மற்றொன்றில் இட்டால் இடம் ஏறத்தாழ 200 மீட்டர் விலகிவிடும். வாவிக்கரையில் அவ்விலகல் தரையில் நிற்பவரைத் தண்ணீரில் காட்டப் போதுமானது. கருவியின் அமைப்புப் பட்டியலில் கந்தவல ஆதாரத்தைத் தெரிவதற்கு இடமிருந்தால், பழைய தாளின் எண்ணைப் படிக்கும்போது மட்டும் அதற்கு மாற்றிப் பின்னர் மறவாது மீள மாற்றுக. தவிர, கார்மினின் பல கருவிகள் 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட 100 துண்டுகளுக்கு மேல் இத்தகைய ராஸ்டர் படத்தை ஏற்காதாகையால், முழு மாவட்டத்தையும் அன்றி வேலை நடக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது நன்று.

உயரக்கோடுகள் கொண்ட வரைபடமே மேலானது என்று சிலர் கருதுவர். மலையகத்துக்கு அது பொருந்தும், கிரானின் தாழ்நிலத்துக்குப் பொருந்தாது. இலவச வரைபடங்களின் உயரக்கோடுகள் பெரும்பாலும் 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ராடாரால் அளந்த தரவிலிருந்து வருவன. அந்த ராடார் காட்டுப் பகுதியில் தரையையன்றி மரங்களின் மேற்பகுதியை ஒட்டிய உயரத்தைப் பதிவதுண்டு. கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே உயர்ந்த வட்டைகளில் 10 அல்லது 20 மீட்டர் இடைவெளிக் கோடுகள் எதையும் சொல்வதில்லை. இங்கு வேண்டுவது நீரைப் பற்றிய அறிவு. மாரியில் ஆறு பெருகும்போது கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி நீரில் மூழ்கி, அக்கரை மக்கள் படகிலும் உழவு இயந்திரத்திலும் கடக்க நேர்வது பலகாலம் கண்ட நிகழ்ச்சி. கருவியின் வழிகணிப்போ ஆவணியிலும் மார்கழியிலும் அதே வீதியையே காட்டும். ஆகவே எந்த வரைபடத்தைத் தெரிந்தாலும், மாரியில் மூழ்கும் இடங்கள், படகுத்துறைகள், சுற்றிச் செல்லும் கிரவல் வீதிகள் ஆகியவற்றைப் புள்ளிகளாகவும் தடங்களாகவும் தனிக் கோப்பில் சேர்த்துவைத்தல் இன்றியமையாதது.

தெரிந்த வரைபடத்தைச் சோதிக்கும் முறை எளிது. கிரான் சந்தி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வாயில், ஓட்டமாவடிப் பாலம் ஆகிய ஐயமற்ற மூன்று இடங்களில் நின்று, கருவி காட்டும் புள்ளி வரைபடத்தின் அதே இடத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் பிழை அளவை ஆதாரத்தில் உள்ளது. ஓரிடத்தில் மட்டும் விலகினால் அவ்விடத்தை வரைந்தவரின் பிழை அது.

இவையனைத்தையும் சீர்தூக்கினால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து ஆக்கிய வெக்டர் வரைபடத்தை அடித்தளமாகவும், நில அளவைத் தாளின் வேண்டிய பகுதியை மேலடுக்காகவும், சொந்தத் தடங்களை மூன்றாவதாகவும் கொள்வதே கிரானுக்கு உகந்த தெரிவாகும். அடித்தளமாக அதைக் கொள்வதற்குக் காரணம் அது இலவசம் என்பதன்று. பிழை கண்டவரே அதைத் திருத்த முடியும் என்பதே. விற்கப்படும் வரைபடம் திருந்துவதற்குத் தொலைவிலுள்ள ஒருவரின் தயவு வேண்டும். பொது வரைபடம் திருந்துவதற்குக் கிரானில் நடக்கும் ஒருவரின் கால்களும் மாலையில் ஒரு கணினியும் போதும்.

எனவே மருமகன் வேலை முடிந்து திரும்பும் ஒவ்வொரு நாளும், சரிபார்த்த பாதைகளையும் துறைகளையும் பொது வரைபடத்தில் சேர்த்துவிடுக. அடுத்த வெள்ளத்தில் நிவாரணம் கொண்டுவருவோருக்கு அவை பயன்படும். திணைக்களத்தின் தாள்களுக்குப் பதிப்புரிமை உண்டாதலால் அவற்றிலிருந்து பிரதி செய்து அங்கு சேர்த்தல் ஆகாது. மழை இறங்கிய பின் ஆற்றைக் கடக்கும் நாளில், கருவியைப் பார்க்குமுன் வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையையும் படகோட்டியையும் கேட்டே புறப்படுக.

இங்ஙனம்,
மாமன்