மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்

வீட்டில் மராமத்து வேலை ஆரம்பிக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நல்ல மேஸ்திரி யாராவது தெரியுமா?" என்பதுதான். என்னென்ன வேலை என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. வேலை எதுவென்று நமக்கே தெளிவில்லை என்றால், வருகிறவர் தனக்குப் பழக்கமான வேலையைச் சொல்லி அதற்கு ஒரு விலையும் சொல்வார்.

திருச்சியில் என் மாமனார் 1980களில் கட்டிய வீடு எங்களுடையது. மாடியில் ஓர் அறை, ஒரு குளியலறை. மிச்சமெல்லாம் மொட்டை மாடி. கீழே ஹால் கூரையின் மூலையில் ஓதம் பிடித்து, சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது. பார்க்க வந்தவர் அண்ணாந்து பார்த்தவுடனே, "மாடித் தளத்தை முழுசாப் பேர்த்துட்டு, புதுசாத் தட்டோடு பதிச்சிடலாம்க்கா" என்றார். ஆனால் அந்த ஓதம் சித்திரை வெயிலிலும் காயவில்லை. மழைத் தண்ணீர்தான் காரணம் என்றால் கோடையில் காய்ந்திருக்க வேண்டுமே?

அவரை அனுப்பிவிட்டு நாங்களே சோதித்தோம். இரவு படுக்கும்போது மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்து வைத்தோம். காலையில் மட்டம் இறங்கவில்லை. ஆகவே தண்ணீர் வரும் குழாயில் கசிவு இல்லை. அடுத்து, குளியலறைத் தண்ணீர் வெளியேறும் துவாரத்தைத் துணியால் அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கினோம். மறுநாள் அது கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தது; கீழே ஓதமும் பரவியிருந்தது. பழுது குளியலறைத் தரையில். மொட்டை மாடியைத் தொடவே தேவையில்லை. அந்த ஒரு நாள் சோதனையில், ஆயிரம் சதுர அடித் தளத்தை உடைக்கும் வேலை, நாற்பது சதுர அடி வேலையாகச் சுருங்கிவிட்டது. மாடித் தளத்தைப் புதுப்பித்திருந்தால் பணமும் போயிருக்கும், ஓதமும் இருந்திருக்கும்.

பிறகுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். குளியலறை 5 அடிக்கு 8 அடி. சுவர் டைல்ஸ் ஏழடி உயரம் என்றால், சுற்றளவு 26 அடியை ஏழால் பெருக்க 182 சதுர அடி. கதவைக் கழித்தால் ஏறக்குறைய 165. வெட்டுவதிலும் உடைவதிலும் போகும் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டேன். கூரை வரைக்கும் ஒட்டினால் கணக்கே வேறு. இதை முன்கூட்டித் தீர்மானிக்காமல் இரண்டு பேரிடம் விலை கேட்டால், ஒருவர் ஏழடிக்கும் மற்றவர் பத்தடிக்கும் சொல்வார். குறைவாகச் சொன்னவரை மலிவு என்று நாம் நம்பிவிடுவோம். ஒரே தாளை நகலெடுத்து எல்லோரிடமும் கொடுத்து, அதன் மேலேயே விலை எழுதி வாங்குங்கள்.

லேபர் மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா என்பது எல்லோரும் கேட்கிற கேள்விதான். சண்டை வருவது அதற்கு அடுத்த படியில். உடைத்த ரப்பீஸை அள்ளி வண்டி வைத்து அனுப்புவது யார் செலவு? மணலை மாடிக்குத் தூக்கக் கூலி தனியா? வயர் பதிக்க எலெக்ட்ரீஷியன் சுவரை வெட்டிவிட்டுப் போய்விடுவார். வெட்டிய இடத்தைப் பூசுவது தன் கணக்கில் இல்லை என்பார் கொத்தனார். இந்த இடைவெளி வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரில் பெயரும் எழுதிவிட வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா" என்ற வாக்கு எவ்வளவு நல்ல மனிதரிடமிருந்து வந்தாலும் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

ஒருவர் செய்த வேலையைப் பார்க்கப் போனால், போன மாதம் முடித்த வீட்டைப் பார்க்காதீர்கள். புது டைல்ஸ் எல்லாமே பளபளக்கும். இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தரையை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக ஒலித்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. அந்த வீட்டுக்காரரிடம், வேலை முடிந்தபின் கூப்பிட்டால் வருகிறாரா என்று மட்டும் கேளுங்கள், போதும்.

பணத்தைத் தேதி வாரியாகப் பேசாமல், வேலையின் கட்டம் வாரியாகப் பேசினோம். குளியலறைக்கு முக்கியமான கட்டம் வாட்டர்ப்ரூஃபிங். அது காய்ந்ததும் இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழே கசியவில்லை என்று பார்த்த பிறகே டைல்ஸ், அதன் பிறகே அடுத்த தவணை என்று தாளிலேயே இருந்தது. இந்த நிபந்தனையைக் கேட்டு முகம் சுளித்தவர்களை அப்போதே விட்டுவிட்டோம். ஒப்புக்கொண்டவர் தானாகவே, "நாங்களே அப்படித்தாம்மா செய்வோம்" என்றார். வேலையைத் தெரிந்தவர் என்று எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது. பழைய வீட்டில் உடைத்த பிறகுதான் தெரிய வரும் வேலைகள் உண்டு. மொத்தச் செலவில் பதினைந்து சதவீதம் அதற்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் பட்ஜெட் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். மொட்டை மாடி வேலை என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு வெகு முன்பே முடிய வேண்டும். உள்வேலைக்கு ஆடி நல்ல மாதம். புது வீட்டுக்கு யாரும் பூமி பூஜை போட மாட்டார்கள். கொத்தனார்கள் கொஞ்சம் எளிதாகக் கிடைப்பார்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. குளியலறையை உடைக்கும் நாட்களில் வேலைக்கு வருகிறவர்கள், குறிப்பாகச் சித்தாள் பெண்கள், எங்கே போவார்கள்? பக்கத்து மனையின் முட்புதருக்கு அவர்களை அனுப்புவது கொடுமை. கொல்லைப்புறக் கழிவறையில் பூட்டிக் கிடந்த சாமான்களை வேலை தொடங்கும் முன்பே காலி செய்து, தாழ்ப்பாளைச் சரிபார்த்து, வாளியும் மக்கும் வைத்து, சாவியை மூத்த சித்தாளிடமே கொடுத்துவிட்டோம்.