அடிப்பது நின்றால் காசு அரிதாகிவிடுமா?

(இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை)



2025-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசு அடிக்கப்பட்டது. 1793-இல் தொடங்கிய வேலை 232 ஆண்டுகளுக்குப் பின் நின்றது. இந்தக் காசை அந்நாட்டு மக்கள் 'பென்னி' என்பார்கள். நூறு பென்னி சேர்ந்தால் ஒரு டாலர். 'நம்ம ஊர்ல பத்து பைசா போன மாதிரிதானே, இதுல என்ன இருக்கு?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தச் செய்தி வந்ததும் நாணயம் சேகரிப்பவர்கள் செய்த காரியத்தில் நம் வீட்டுக்கும் உதவும் ஒரு பாடம் இருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் நிறுத்தினார்கள்?

கணக்கு மிக எளிது. 2024 நிதியாண்டில் ஒரு சென்ட் காசை அடித்து வெளியே அனுப்ப 3.69 சென்ட் செலவானது. அதாவது காசுக்குக் காசு 2.69 சென்ட் நஷ்டம். அந்த ஆண்டு அடித்தது சுமார் 320 கோடி காசுகள். பெருக்கிப் பாருங்கள், எட்டரைக் கோடி டாலருக்கு மேல் வரும். கால்குலேட்டர்கூட வேண்டாம்.

இத்தனைக்கும் அது செம்புக் காசே அல்ல. 1982 முதல் 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. அடிக்கும் முறையும் நமக்குத் தெரிந்ததே. வட்டமாக வெட்டிய பிளாங்க், மேலும் கீழும் டை, நடுவில் பிரஸ்ஸின் அழுத்தம். ஒர்க் ஷாப்பில் நாம் பார்க்கும் வேலையின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2025 மே மாதத்திலேயே கடைசியாக பிளாங்க் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். கையிருப்பு தீர்ந்ததும் பிரஸ் நின்றது.

ஆனால் காசு செல்லாமல் போகவில்லை. சுமார் 30,000 கோடி சென்ட் காசுகள் இன்னும் மக்களிடம் இருப்பதாக அந்நாட்டு அரசு மதிப்பிடுகிறது.

சேகரிப்பவர்கள் என்ன செய்தார்கள்?

'இனி வராது' என்றதும் புதுக் காசு ரோல்களை வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். ஒரு ரோலில் 50 காசு. 2025 இறுதியில் பல வங்கிகளிலும் கடைகளிலும் சென்ட் தட்டுப்பாடே வந்துவிட்டது.

நாணயச் சாலையும் சும்மா இருக்கவில்லை. கிரேக்க எழுத்து வரிசையின் கடைசி எழுத்தான 'ஒமேகா' பொறித்த காசுகளை 232 தொகுப்புகளாக்கி ஏலம் விட்டது. ஒவ்வொரு தொகுப்பிலும் பிலடெல்பியாவில் அடித்த ஒன்று, டென்வரில் அடித்த ஒன்று, தங்கத்தில் ஒன்று என மூன்று காசுகள். 2025 டிசம்பரில் நடந்த அந்த ஏலத்தில் மொத்தம் 1 கோடியே 67 லட்சம் டாலர் வந்தது. கடைசித் தொகுப்பு மட்டும் 8 லட்சம் டாலருக்குப் போனது.

இதைப் படித்தவுடன் 'என்னிடமும் ஒரு 2025 சென்ட் இருந்தால்…' என்று மனம் கணக்குப் போடும். இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த 232 தொகுப்புகள் வேறு, கடையில் புழங்கிய சாதாரண 2025 சென்ட் வேறு.

பழைய கதைகள் மூன்று

1. 1950-இல் டென்வர் நாணயச் சாலை ஐந்து சென்ட் காசுகளை 26,30,030 மட்டுமே அடித்தது. அந்த வரிசையிலேயே இதுதான் குறைந்த எண்ணிக்கை. விஷயம் தெரிந்தவர்கள் ரோல் ரோலாக வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் விலை எகிறியது. பிறகு எல்லாரும் விற்க வந்தபோது சரிந்தது. இன்றும் அந்தக் காசு புதுக் கருக்கு அழியாமல் எளிதாகக் கிடைக்கிறது. எல்லாரும் பத்திரப்படுத்தியதே காரணம்!

2. 1914-இல் டென்வர் அடித்த ஒரு சென்ட் சுமார் 11,93,000. 1931-இல் சான்பிரான்சிஸ்கோ அடித்தது 8,66,000. எது விலை அதிகம்? 1931 என்றுதான் சொல்வோம். ஆனால் தேயாத புதுக் காசாக வாங்கப் போனால் 1914-ஆம் ஆண்டுக் காசின் விலைதான் பல மடங்கு. 1931-இல் எண்ணிக்கை குறைவு என்று அறிந்து அப்போதே எடுத்து வைத்தார்கள். 1914-இல் யாரும் கண்டுகொள்ளவில்லை. அது கை மாறி மாறித் தேய்ந்து போனது.

3. 1943-இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் துத்தநாகம் பூசிய இரும்பில் சென்ட் அடித்தார்கள். தவறுதலாகப் பழைய செம்புக் கலவை பிளாங்க் சில பிரஸ்ஸுக்குள் போய்விட்டன. அப்படி வந்த மிகச் சில காசுகள்தான் இன்று லட்சக்கணக்கான டாலர் பெறுகின்றன. இதைப் பார்த்து இரும்புக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுபவர்களும் உண்டு. காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றும் சொல்வது ஒன்றே. எத்தனை அடித்தார்கள் என்பது பாதிக் கணக்கு. எத்தனை நல்ல நிலையில் மிஞ்சியது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பது மீதிக் கணக்கு. ஊரே பூட்டி வைத்த பொருள் அரிய பொருள் ஆகாது.

நமக்கு ஏன் இந்தக் கதை?

நம் நாட்டில் 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. நம் பாட்டிமார்களின் சுருக்குப் பையிலும் சாமி உண்டியலிலும் அவை இன்னும் கிடக்கின்றன. 'பழைய காசு இருக்கா? லட்சம் தருகிறோம்' என்று வலை வீசுபவர்கள் குறி வைப்பது இந்த வீடுகளைத்தான்.

எங்க பெரியப்பா மூட்டை தூக்குகிறவர். போனில் வந்த விளம்பரத்தை நம்பி, தன்னிடம் இருந்த பழைய ஐந்து ரூபாய்க் காசுக்கு மூன்று லட்சம் கிடைக்கும் என்று 'பதிவுக் கட்டணம்' 1,500 ரூபாய் அனுப்பிவிட்டார். அடுத்து 'வரி' என்று 6,000 கேட்டார்கள். அப்போதுதான், "நீ படிக்கிற புள்ள, இது என்னன்னு பாரு" என்று போனை என்னிடம் நீட்டினார். 6,000 தப்பியது, 1,500 போனது போனதுதான். அது அவருடைய இரண்டு நாள் கூலி.

இப்படிப்பட்ட மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4-இல் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கத் தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் அந்த அறிக்கையை எங்கள் தெருவில் யார் படித்தார்கள்? நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். நம் வீட்டில் சந்தேகம் கேட்க இருக்கும் ஒரே ஆள் நாம்தான். பரீட்சைக்கு வராத பாடமாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

காசு சேர்க்க விரும்பும் நண்பர்களுக்கு

• விற்பவன் பணம் வாங்க வேண்டுமே தவிர, பணம் கட்டக் கூடாது. 'முதலில் நீ கட்டு' என்றாலே விலகுங்கள்.

• விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. விற்ற விலையை மட்டும் பாருங்கள்.

• பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.

• ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைக் கவனியுங்கள். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறி இல்லாதது கொல்கத்தா. ஒரு செலவும் இல்லாமல் இதிலிருந்தே சேகரிப்பைத் தொடங்கலாம்.

காசு சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஒரு சிறு வட்டத்துக்குள் உலோகவியலும் வரலாறும் பொருளாதாரமும் அடங்கியிருக்கின்றன. ஆசைக்காகச் சேர்த்தால் அறிவு வளரும், பேராசைக்காகச் சேர்த்தால் இருக்கிற காசும் போகும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பா அம்மாவிடம், அக்கம்பக்கத்தாரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு வீட்டின் கூலிப் பணம் தப்பினால்கூட இக்கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிடைத்துவிடும்.