ஈஸ்ட்ரோஜனைப் போன்றது, ஆனால் ஈஸ்ட்ரோஜன் அன்று

பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது, "மீல்மேக்கர் சாப்பிட்டால் பெண் ஹார்மோன் கூடிவிடுமா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சிரித்து ஒதுக்க வேண்டிய கேள்வி அன்று. விடையை ஓர் ஆட்டு மந்தையிலிருந்து தொடங்கலாம்.

1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகள் பல சினைபிடிக்காமல் போயின. அவை மேய்ந்த குளோவர் என்னும் தீவனப்பயிரே காரணம். அதிலிருந்த ஒரு வேதிப்பொருளை ஆட்டின் இரைப்பை நுண்ணுயிரிகள் ஈக்குவாலாக மாற்றின. ஈக்குவால், ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்பட்டது.

இத்தகைய பொருள்களே தாவர ஈஸ்ட்ரோஜன்கள். சோயாவில் ஐசோஃபிளேவோன்களும், எள், ஆளி விதையில் லிக்னான்களும் உள்ளன. ஆக்சின், ஜிப்ரலின் ஆகிய தாவர ஹார்மோன்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு பூட்டையும் இரு சாவிகளையும் கொண்டு வாருங்கள். ஒன்று பூட்டைத் திறக்கும். மற்றது உள்ளே நுழையும், ஆனால் முழுதாகத் திரும்பாது. பூட்டு, செல்லில் உள்ள ஏற்பி. முதல் சாவி ஈஸ்ட்ரோஜன். இரண்டாவது தாவர ஈஸ்ட்ரோஜன். இதன் விளைவு வலுக் குறைந்தது. சில வேளைகளில், அசல் சாவி நுழையவும் இது தடையாகும்.

ஆடும் நாமும்

அந்த ஆடுகள் நாள்தோறும் குளோவரையே மேய்ந்தன. நாமோ சோயாவைப் பல உணவுகளுள் ஒன்றாக, அளவோடு உண்கிறோம். மேலும், ஈக்குவாலை உண்டாக்கும் குடல் பாக்டீரியாக்கள் எல்லோரிடமும் இல்லை. ஆகவே அளவோடு உண்ணும் மீல்மேக்கரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பெண்கள் நலம்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் திடீர் உடற்சூடும் வியர்வையும் தோன்றும். சோயா இவற்றைத் தணிக்குமா? சில ஆய்வுகளில் சிறிது பயன் தெரிந்தது. வேறு சிலவற்றில் வேறுபாடே இல்லை. எனவே அதை மருந்தாகக் கருத முடியாது. செறிவூட்டிய மாத்திரைகள் உணவுக்கு ஈடாகா. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை எடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைச் சோயா குறைக்கக்கூடும். இரண்டுக்கும் இடைவெளி தேவை. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் இரத்தப்போக்கு ஏற்பட்டால், கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாணவர்கள் இச்செய்தியை வீட்டிலும் சொல்லட்டும்.

சிந்திக்க

1. ஒரே உணவு இருவரிடம் வெவ்வேறு விளைவை ஏற்படுத்துவது ஏன்?
2. ஆட்டில் கண்ட விளைவை அப்படியே மனிதருக்குப் பொருத்தலாமா? காரணம் கூறுக.