தாய்வழியைத் தேடு

அன்புள்ள தம்பிக்கு,

வம்சாவளி ஆய்வில் இறங்கிவிட்டாய், முதல் வேலையே லங்காஷயர் பஞ்சாலையில் நெசவு செய்த ஒரு பெண்ணின் முன்னோரைத் தேடுவது என்று எழுதியிருந்தாய். பிரபு குடும்பம் வாய்க்கவில்லையே என்று வருந்தாதே. அவர்கள் வம்சத்தை எப்போதோ புத்தகமாகவே அச்சடித்துவிட்டார்கள்; அங்கே உனக்கு என்ன வேலை?

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. அதுவரை பின்னோக்கிப் போவது ஆண்வழியில் ஓரளவு சுலபம். பெண்ணோ திருமணமானதும் கணவன் பெயருக்குள் மறைந்துவிடுவாள். திருமணச் சான்றிதழில் இரு வீட்டுத் தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். தாய்க்கு இடமே கிடையாது. அந்த வழக்கம் மாறியதே 2021 மே மாதத்தில்தான். ஆகவே பிறப்புச் சான்றிதழை விடாதே. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அதில் இருக்கும். மான்செஸ்டர் பக்கம் மேரி ஜோன்ஸ் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. பெயரும் வயதும் ஒத்துப்போனதாலேயே அவள்தான் என்று முடிவு கட்டாதே.

தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் இருந்தால், பெரும்பாலும் மணமாகாத தாய். பிறப்புச் சான்றிதழே இல்லாத, 1834க்கு முந்தைய பிறப்பு என்றால் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போ. குழந்தையைப் பராமரிக்கும் செலவு ஊர்ப் பணத்தில் விழக்கூடாது என்பதற்காக, தந்தை யாரென்று ஊர் அதிகாரிகள் விசாரித்துப் பத்திரம் எழுதி வாங்கியிருப்பார்கள். அவர்களுடைய கஞ்சத்தனம் நமக்கு லாபம்.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி வயதைக் கணக்கிடாதே. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். பிறந்த ஊர் தெரிய வேண்டுமானால் 1851க்கு வா.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது 1911 கணக்கெடுப்புப் படிவம். குடும்பத்தார் தம் கையாலேயே நிரப்பியது. மணமான பெண்ணுக்கு உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று அதில் கேட்டார்கள். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து இறந்த குழந்தை வேறு எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. இங்கே ஓர் எண்ணாகவாவது நிற்கும். விதவைகள் இதை நிரப்ப வேண்டியதில்லை. ஆனாலும் பலர் எழுதினார்கள், அதிகாரிகள் அடித்துவிட்டார்கள். அடித்த கோட்டையும் மீறி எண் தெரியும், உற்றுப் பார்.

1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் அழிந்தது. 1941இல் போர் காரணமாக எடுக்கவேயில்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பரில் அரசு எடுத்த பதிவேடு கைகொடுக்கும். பின்னால் மணமான பெண்களின் புதிய பெயரை அதில் பழைய பெயருக்குப் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்.

இணையத்தில் யாரோ போட்ட குடும்ப மரத்தைப் பார்த்து உன் நெசவுக்காரியை வெற்றிவீரன் வில்லியம் மன்னனின் வாரிசாக்கிவிடாதே. அவளுடைய பிறப்புச் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பி. கைக்கு வந்ததும் அவள் தாயின் பெயரை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்