பவரைப் பார்த்து ஏமாறாதீர்! பைனாகுலர் வாங்குவோர் கவனத்திற்கு

திண்டுக்கல்லில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். மூட்டையில் குத்தி எடுத்த ஒரு பிடி பருப்பை உள்ளங்கையில் வைத்தே ஈரம் எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு பைனாகுலர் வாங்கப் போய், அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணை நம்பி ஏமாந்தேன். அதன் பிறகு விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பேரன் பேத்திகளுக்கு இதை வாங்கித் தர நினைப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் சிலர் இதை விற்கவும் செய்கிறார்கள். இரு சாராருக்கும் இது பயன்படும்.

60 என்று போட்டு 22

2019 டிசம்பர் 26 அன்று நம் பகுதியில் வளைய சூரிய கிரகணம் தெரியும் என்று பத்திரிகைகளில் வந்தது. அப்போது ஆறாம் வகுப்பு படித்த என் பேரன், "தாத்தா, எனக்கு ஒரு பைனாகுலர் வேண்டும்" என்று நச்சரித்தான். கார்த்திகை தீபத்தன்று கடைவீதிக்கு அழைத்துப் போனேன். பெட்டியில் பெரிய எழுத்தில் '30×60' என்று இருந்தது. முன்பக்கக் கண்ணாடி சிவப்பாகப் பளபளத்தது. "முப்பது மடங்கு பவர் அண்ணாச்சி. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கிரகணத்தையே பார்க்கலாம்" என்றார் கடைக்காரர். பேரம் பேசி 1,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

அன்றிரவே மொட்டை மாடியில் நிலவைப் பார்த்தோம். ஒரு நிலவு இரண்டாகத் தெரிந்தது, ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் பேரனுக்குத் தலைவலி வந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் பேரனின் ஸ்கேலை வாங்கி முன் கண்ணாடியை அளந்தார். 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 22 இருந்தது. 60 கிலோ என்று எழுதிய மூட்டையில் 22 கிலோ போட்டு அனுப்பியது போல! நாம் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். எடையில் சிறிது குறைந்தாலும் வாடிக்கையாளரிடம் நமக்கு மரியாதை போய்விடும். அப்படிப்பட்ட நான் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பார்க்கத் தோன்றாமல் காசைக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு எண்கள் சொல்வது என்ன?

பைனாகுலரில் 7×50, 8×42, 10×50 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உருப்பெருக்கம், அதாவது பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இதைத்தான் எல்லோரும் பவர் என்கிறோம். இரண்டாவது எண் முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில்.

வானம் பார்க்க முக்கியமானது இரண்டாவது எண். முன் லென்ஸ் என்பது எண்ணெய் ஊற்றும் புனலின் வாய் போன்றது. வாய் அகலமாக இருந்தால்தான் அதிக ஒளி உள்ளே இறங்கும். 25 மி.மீ. லென்ஸைவிட 50 மி.மீ. லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை வாங்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் பெரிய தொலைநோக்கியை '2.34 மீட்டர் தொலைநோக்கி' என்றே குறிப்பிடுகிறார்கள். அது அதன் கண்ணாடியின் அகலம். விஞ்ஞானிகளே பவரைச் சொல்லாமல் வாயின் அளவைத்தான் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்கவும்.

அடுத்து ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண் வைக்கும் பக்கம் வெளியே வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 10×50-க்கு 5 மி.மீ. 20×50-க்கு 2.5 மி.மீ. மட்டுமே. இருட்டில் இளம் வயதினரின் கண்மணி சுமார் 7 மி.மீ. வரை விரியும். அறுபதைத் தாண்டிய நமக்குப் பொதுவாக 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். ஆகவே இரவில் பார்ப்பதற்கு 5 மி.மீ. ஒளிவட்டம் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பொருந்தும். வட்டம் சிறுத்தால் காட்சி இருண்டுபோகும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பொய்ப் பவரையும் கண்டுபிடிக்கலாம். வாத்தியார் என் பைனாகுலரின் ஒளிவட்டத்தை அளந்தார். 3 மி.மீ. இருந்தது. 22-ஐ 3-ஆல் வகுத்தால் ஏழு சொச்சம். ஆக, முப்பது மடங்கு என்று நான் வாங்கியது ஏழு மடங்குச் சரக்கு!

பவர் கூடினால் என்ன கெடும்?

உண்மையாகவே பவர் கூடினாலும் தொல்லை உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி கையின் நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும். கையில் பிடித்துப் பார்ப்பதற்குப் பத்துதான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 15×70, 20×80 போன்றவை நல்ல கருவிகள்தான். ஆனால் ஒன்றரை, இரண்டு கிலோ என்று கனக்கும். ஸ்டாண்டு இல்லாமல் பயன்படாது. ஸ்டாண்டுக்குத் தனிச் செலவு.

பவர் கூடக் கூட ஒரே நேரத்தில் தெரியும் பரப்பும் குறையும். சாதாரண 10×50-இல் சுமார் ஆறரை டிகிரி வானம் தெரியும். பதின்மூன்று முழு நிலவுகளை வரிசையாக வைக்கும் அகலம் அது. அதிகப் பவரில் நட்சத்திரத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும். பவரைக் கூட்டிக் குறைக்கும் 'ஜூம்' வகைகளை மலிவு விலையில் வாங்கவே வேண்டாம். அவற்றில் பரப்பும் குறைவு, தெளிவும் குறைவு.

எதை வாங்கலாம்?

வானம் பார்ப்பது முதன்மை என்றால் 10×50. கை நடுங்குகிறவர்களுக்கு 7×50. வேடந்தாங்கல் பறவை, கோவில் கோபுரச் சிற்பம், மலைப்பயணம் என்று பகலில் அதிகம் பயன்படுத்துவோர் எடை குறைந்த 8×42 வாங்கலாம். அது இரவுக்கும் ஓரளவு உதவும்.

உள்ளே இருக்கும் பட்டகத்தின் அமைப்பை வைத்து இரண்டு வகை உண்டு. முன் லென்ஸ்கள் விலகி, தோள் அகன்று இருப்பது 'போரோ' வகை. நேர்க் குழாயாக இருப்பது 'ரூஃப்' வகை. குறைந்த விலையில் போரோ வகையே காசுக்கேற்ற தெளிவு தரும். நிக்கான், செலஸ்ட்ரான் போன்ற அறிமுகமான கம்பெனிகளின் 10×50 போரோ வகை கிடைக்கும். பெரிய கம்பெனிப் பெயரில் போலிச் சரக்கும் உலவுவதால் ரசீதும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள்.

கடையில் சோதிக்கும் முறை

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருந்தாலும் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் சோதியுங்கள்.

1. முன் லென்ஸை ஸ்கேலால் அளக்கவும். பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

2. கையை நீட்டிப் பிடித்து, சூரியன் இல்லாத திசையில் வெளிச்சமான வானத்துக்கு எதிரே கண் பக்கத்து ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் பட்டகம் நல்லது. 'பேக்-4' கண்ணாடி என்பார்கள். ஓரம் வெட்டுப்பட்டுச் சாம்பல் நிறத்தில் சதுரம் போலத் தெரிந்தால் மட்டமான பட்டகம்.

3. முன் லென்ஸில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். மங்கலான பச்சை அல்லது ஊதா நிறத்தில் தெரிந்தால் மேற்பூச்சு நன்றாக உள்ளது. வெள்ளையாகப் பளிச்சிட்டால் பூச்சு இல்லை. பளபளக்கும் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இரவுக்கு அது உதவாது.

4. தூரத்து செல்போன் டவரின் உச்சியைப் பாருங்கள். கண்ணை மூடித் திறந்ததும் இரண்டாகத் தெரிந்து பிறகு ஒன்றுசேர்ந்தால் இரு குழாய்களும் நேராக இல்லை என்று பொருள். என் பேரனின் தலைவலிக்கு இதுதான் காரணம்.

5. வலது முன் லென்ஸை மறைத்து, இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவு வையுங்கள். பிறகு இடதை மறைத்து, வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவு வையுங்கள். இரண்டும் இறுக்கமோ ஆட்டமோ இல்லாமல் சுழல வேண்டும்.

6. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதோடு சேர்த்தே பார்த்து வாங்கவும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மி.மீ. இடைவெளி வைத்தும் முழுக் காட்சி தெரிய வேண்டும். இதை 'ஐ ரிலீஃப்' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள்.

செல்போன் வழியாக ஆர்டர் செய்பவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இத்தனையையும் சோதித்துவிடவும்.

எதையெல்லாம் பார்க்கலாம்?

அமாவாசை கழிந்து நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை நிலவைப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களும் மலைகளும் நிழலோடு தெரியும். பௌர்ணமியன்று நிழல் இல்லாததால் வெறும் வெளிச்சமே கண்ணைக் கூசும்.

கார்த்திகை மாத முன்னிரவில் கிழக்கே கார்த்திகைக் கூட்டம். வெறும் கண்ணுக்கு ஆறேழு தெரிவது பைனாகுலரில் பல பத்து நட்சத்திரங்களாக விரியும். மார்கழி, தை இரவுகளில் ஓரியனின் மூன்று நட்சத்திரப் பட்டைக்குக் கீழே புகை போன்ற ஒளித்திட்டு தெரியும். நட்சத்திரங்கள் பிறக்கும் இடம் அது. பங்குனியில் பூச நட்சத்திரக் கூட்டம். வியாழன் தெரியும் மாதங்களில், முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி ஆடாமல் பார்த்தால், அதன் இருபுறமும் நான்கு நிலாக்கள் வரை புள்ளியாகத் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டது அவற்றைத்தான்.

சனியின் வளையம் பத்து மடங்கில் தெரியாது. தெரியும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

மிக முக்கியமான எச்சரிக்கை

பைனாகுலரால் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. லென்ஸ் வெயிலைத் திரட்டி விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரையில் வலி தெரியாது என்பதால் சுட்டது அப்போது தெரியாது. போன பார்வை திரும்பாமலே போகலாம். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், கிரகணக் கண்ணாடி எதை அணிந்துகொண்டும் பைனாகுலர் வழியாகப் பார்க்கக் கூடாது.

கிரகணத்தன்று காலை, கடைக்காரர் சொன்னபடியே என் பேரன் கூலிங் கிளாஸும் கழுத்தில் பைனாகுலருமாக மாடிப்படி ஏறினான். நான் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். எதிரே வந்த வாத்தியார்தான் பார்த்துக் கையிலிருந்து பிடுங்கினார். "அண்ணாச்சி, கண்ணு போயிருக்குமே!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு எங்களை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். இலை இடுக்கு வழியே தரையில் விழுந்த வெயில் புள்ளிகள் ஒவ்வொன்றும் மோதிரம் போல வளையமாக இருந்தன. பேரன் குனிந்து அவற்றை எண்ணிக்கொண்டே இருந்தான்.

அந்த 1,800 ரூபாயை நான் மறந்துவிடுவேன். பொருளைப் பற்றித் தெரியாமல் ஒருவர் விற்றதும், கேட்காமல் நான் வாங்கியதும் ஒரு பிள்ளையின் கண்ணில் போய் முடிய இருந்ததை மறக்க முடியவில்லை. இந்தப் பொருளை விற்கும் நம் உறுப்பினர்கள், வாங்குவோரிடம், குறிப்பாகப் பிள்ளைகளிடம், "சூரியனைப் பார்க்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாதுகாக்கும் முறை

லென்ஸைத் துண்டாலோ வேட்டி நுனியாலோ துடைக்காதீர்கள். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை நீக்கி, பிறகு லென்ஸ் துணியால் மெல்லத் துடைக்கவும். மிளகாய்க் குடோன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பல ஆண்டுகள் இருக்கும்.

2021 தை மாதம் வாத்தியாரை உடன் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போய், நான்கு உருப்படிகளைச் சோதித்து, ஒரு 10×50 வாங்கினேன். எட்டாயிரம் சொச்சம் ஆனது. அந்த ஆவணியில் ஒரு நாள், கடை சாத்திவிட்டு வந்த பிறகு, மொட்டை மாடியில் பேரன் வியாழனைக் காட்டினான். நடுவில் ஒரு பொட்டும் அதன் அருகே வரிசையாகச் சில புள்ளிகளும் எனக்கும் தெரிந்தன. பகலெல்லாம் இரண்டடி தூரத்தில் கணக்குப் புத்தகத்தையே பார்க்கும் நமக்கு, ராத்திரியில் அரை மணி நேரம் இப்படித் தலை நிமிர்ந்து பார்ப்பது நல்ல ஓய்வாக இருக்கிறது. வாங்க நினைக்கும் அன்பர்கள் சட்டைப்பையில் ஒரு ஸ்கேலோடு கடைக்குப் போகவும்.